ஆற்றின்மேற் பாலமும் தெருவின்மேல் மடமும்

ஓர் அறச்செயலின் வரலாறு அதனைச் செய்தவர் பெயரோடு தொடங்குகின்றது; பெரும்பாலும் அப்பெயரோடேயே முடிந்தும் விடுகின்றது. இன்னார் கட்டினார், இத்துணைப் பொருள் ஈந்தார், இன்ன ஆண்டிலே திறந்து வைத்தனர் என்னும் மூன்று செய்திகளும் கிடைத்துவிட்டால் வரலாறு நிறைவெய்திற்று எனக் கொள்வது வழக்கம். கட்டப்பெற்ற நாள் தொட்டு இன்றுகாறும் அப்பொருள் எவ்வாறு நின்றது, அதனை நிற்கச் செய்தவர் எவர் என்னும் வினா எழுவது அரிது. அவ்வினாவை எழுப்புமிடத்துப் புகழ்பெற்ற சில வரலாறுகள் குறையுடையனவாய்த் தோன்றும்; வரலாறே இல்லையென்று கைவிடப்பட்ட சில பொருள்கள் நெடிய வரலாறுடையனவாய் விளங்கும்.

இவ்விரு நிலைக்கும் எடுத்துக்காட்டாக இரண்டு கட்டடங்களைக் கூறலாம். ஒன்று, தமிழ்நாட்டிலே திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைத்துத் தாமிரபருணி ஆற்றின்மேல் நிற்கும் சுலோசன முதலியார் பாலம். மற்றொன்று, பருத்தித்துறையிலே தும்பளை வீதியை மேலே மூடி நிற்கும் தெருமூடிமடம். முன்னது பெயரும் ஆண்டும் அளவும் கதையும் உடையது; பின்னதற்குக் கட்டியவர் பெயரென ஐயமின்றி வழங்குவது யாதுமில்லை. ஆயினும் வழிச்செல்வோர் பொருட்டு வழியின்மீதே எழுப்பப்பட்டவை என்னும் வகையால் இரண்டும் ஓரினத்தன. ஆதலின் இவற்றை ஒருங்கு வைத்து நோக்குதல் பொருத்தமாகும்.

பருத்தித்துறையிலே ஆற்றுப்பாலத்தைத் தேடுவார் ஏமாற்றமே அடைவர். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் நீரோடும் ஆறு ஒன்றேனும் இல்லை. நிலத்தின் அடியிலே பரந்து கிடப்பது மயோசீன் காலத்துச் சுண்ணக்கல்; அது நுண்துளைகளும் வெடிப்புக்களும் உடையது. பெய்யும் மழையின் பெரும்பகுதி அவற்றின் வழியே கீழிறங்கி நிலத்தடி நீராகின்றது. ஆறாய் ஓட வேண்டிய நீர் கிணற்றிலே தோன்றுகின்றது. வழுக்கையாறு மாரிகாலத்தில் மட்டும் ஓடுவது. தொண்டைமானாறு பெயரால் ஆறாயினும், இயல்பினாற் கடலோடு தொடர்புடைய நீரேரியே. ஆகவே இப்பகுதியில் வழிச்செல்வோனை மறித்தது வெள்ளம் அன்று, வெயிலும் நீர்வேட்கையுமே. நிழல் குன்றிய மணல்வழியிலும் கல்வழியிலும் தலைச்சுமையோடு நடந்தவனுக்கு வேண்டியது, சுமையை இறக்க ஓரிடமும், இருக்க ஒரு திண்ணையும், குடிக்கச் சிறிது தண்ணீருமே. சுமைதாங்கி, தண்ணீர்ப்பந்தல், மடம், கேணி, ஆவுரிஞ்சிக்கல் என்பன குடாநாட்டின் தெருக்கள்தோறும் எழுந்தமைக்குக் காரணம் இதுவேயாம்.

பருத்தித்துறை துறைமுகப் பட்டினம். பருத்தி ஏற்றுமதியால் அப்பெயர் வந்தது என்பர். போர்த்துக்கேயர் அம்முனையைப் பாறைமுனை என்னும் பொருள்படத் தம் மொழியில் வழங்கினர்; அதுவே ஆங்கிலர் நாவில் 'பொயின்ற் பீற்றோ' ஆயிற்று. அயலிலுள்ள கற்கோவளம் என்னும் ஊர்ப்பெயரும் கல்லையே நினைவூட்டுகின்றது. இத்தகைய கல்நிலத்திலே, கல்லாலேயே, தெருமூடிமடம் அமைந்தது. வீதியின் இரு மருங்கும் உயர்ந்த திண்ணைகள், அவற்றின்மேற் கற்றூண்கள், தூண்களின்மேல் இரு பக்கத்தையும் நடுவேயுள்ள வீதியையும் ஒருங்கே மூடிய கூரை. வேறு மடங்களுக்கு வழிச்செல்வோன் தெருவைவிட்டு விலகிச் செல்லல் வேண்டும். இங்கே தெருவே மடத்தினுட் புகுந்து செல்கின்றது. நிழலைத் தேடுபவனுக்கும் தேடாதவனுக்கும் அது நிழல் தருகின்றது. வண்டிக்காரனும் மாடும், சுமைகாரனும் சிறுவனும், தங்குவோனும் தங்காது கடப்போனும் அந்நிழலைப் பெறாது அவ்விடத்தைக் கடத்தல் இயலாது. வேண்டாமலே கொடுக்கும் கொடை இதுவெனின் மிகையன்று.

தமிழ் மரபு அறங்களை முப்பத்திரண்டு என வகுத்துக் கூறும். அவ்வரிசையில் மடம் உண்டு. தடம் என்னும் குளம் உண்டு. கா என்னும் சோலையும், தண்ணீர்ப்பந்தலும், ஆவுரிஞ்சுதறியும் உண்டு. பாலம் அவற்றுள் தனித்து எண்ணப்படவில்லை. மடங்கட்டுதல் தனியொருவராலோ ஒரு குடும்பத்தாலோ இயலும். பேராற்றின்மேற் பாலமிடுதல் அத்தகைய எளிய செயலன்று என்பது இதற்குக் காரணமாகலாம். அவ்வாறாயின், பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தனியொருவர் தம் பொருளாற் பேராற்றின்மேற் பாலம் அமைத்தது பழைய அறத்திற்கு ஒரு புதிய உருவம் எனத் தகும். திருநெல்வேலிப் பாலத்தின் சிறப்பு இங்கேதான் தொடங்குகின்றது.

தாமிரபருணி பொதிய மலைப்பகுதியிலே தோன்றித் தென்மேல் பருவமழை, வடகீழ்ப் பருவமழை ஆகிய இரண்டாலும் நீர்பெறுவது; அதனால் வற்றாதது. ஒரு கரையில் நெல்லையப்பர் கோயிலும் பெருங்கடைத்தெருவும் உடைய திருநெல்வேலி. மறுகரையிற் கோட்டையும் படையும் இருந்த பாளையங்கோட்டை. வழக்கிற்கும் வரிக்கும் வாணிகத்திற்குமாக மக்கள் நாள்தோறும் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. பாலமில்லாக் காலத்திற் படகே துணை. படகில் இடம் பெறும்பொருட்டு எழுந்த பூசல் கலகமாய்க் கொலையிலும் முடிந்தது என்று கூறுவர். 1840ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், கலெக்டர் தாம்சன் என்பார் முன்னிலையிற் பாலம் அமைப்பது பற்றிய ஆலோசனைக் கூட்டம் நிகழ்ந்தது. கப்டன் பேபர் வரைபடம் வகுத்தார். ஹோர்ஸ்லி என்பார் வேலையை நடத்தினார். மதிப்பிடப்பட்ட செலவு ஏறக்குறைய அரை இலட்சம் ரூபா. அத்தொகைக்கு வழி யாது என்னும் வினா எழுந்தபோது, கலெக்டர் அலுவலகத்திற் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் அப்பொறுப்பைத் தாமே ஏற்றார். 1843ஆம் ஆண்டிலே பாலம் திறக்கப்பட்டது.

இதனோடு ஒரு கதையும் வழங்குகின்றது. பொதுமக்களிடம் நன்கொடை திரட்டும் பணி முதலியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் மனைவியார் வடிவாம்பாள் நிலைமையை அறிந்து தம் நகைகளை எடுத்துக் கொடுத்தார். அதன்பின் முதலியார் பிறரை நாடாது செலவு முழுவதையும் தாமே ஏற்க உறுதிபூண்டார் என்பது அக்கதை. இல்லத்தினுள்ளே இருவரிடை நிகழ்ந்ததாகக் கூறப்படும் உரையாடலுக்குச் சான்று காட்டுதல் அரிது. ஆயினும் கதை தோன்றிய காரணம் விளங்காததன்று. பெருங்கொடை எனின் அதற்கு ஓர் இழப்பு இருத்தல் வேண்டும் என்று மக்கள் உள்ளம் கருதுகின்றது. எண்ணிக்கொடுத்த ரூபாவிலும் கழற்றிக்கொடுத்த நகை நெஞ்சைத் தொடும். அன்றியும், வெளியே நிகழ்ந்த அறத்திற்கு வேர் வீட்டினுள்ளே இருத்தல் வேண்டும் என்பது தமிழர் உடன்பாடு. இல்லறத்தை முன்வைத்து அறங்கூறிய மரபிலே வந்தோர், மனைவியின்றிக் கணவனுக்கு மட்டும் அக்கொடையை உரிமையாக்க விரும்பிலர். இவ்வளவிற் கதை போற்றத்தக்கதே.

ஆனால் அக்கதை செய்யும் தீங்கும் ஒன்றுண்டு. அது பாலத்தின் வரலாற்றை ஒரு நாளின் செயலாகச் சுருக்கிவிடுகின்றது. கொடையாளரின் மனமாற்றமே உச்சமாய் அமைய, கல்லும் ஆறும் வேலையாளும் கதைக்குப் புறத்தே நின்றுவிடுகின்றனர். கதை கூறாதவற்றைப் பாலத்தின் அளவுகளே கூறுகின்றன. பாலத்தின் நீளம் 760 அடி, வளைவுகள் 11, ஒவ்வொரு வளைவின் அகலமும் 60 அடி. பெருக்கி நோக்கின், நீர் செல்வதற்கென விடப்பட்ட வெளி 660 அடியாகும். தூண்களுக்கும் கரைகளை ஒட்டிய கட்டுக்களுக்கும் எஞ்சியது 100 அடியே. எனவே நீளத்தில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்கு ஆற்றுக்கே விடப்பட்டுள்ளது. ஆற்றை அடக்குவது பாலத்தின் தொழில் அன்று, அதற்கு வழிவிடுவதே தொழில் என்பதை வரைந்தவர் உணர்ந்திருந்தார். வீதியின் அகலமோ 21½ அடி. எதிரெதிரே வரும் இரண்டு வண்டிகளை எண்ணி வகுத்த அளவு அது. மோட்டார் ஊர்தியும் பேருந்தும் அக்காலத்தார் கனவிலும் தோன்றியவை அல்ல.

வளைவு வேண்டப்பட்டது ஏன் என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. கல் தன்மேல் ஏறும் பாரத்தை அமுக்கமாகத் தாங்கவல்லது. வளைக்கப்படுமிடத்து எளிதில் முறியும். இரண்டு தூண்களின்மேல் ஒரு கற்பாளத்தைக் கிடத்திப் பாலமமைப்பின், பாளத்தின் நீளத்திற்கு மேல் இடைவெளி விடுதல் இயலாது. அனுராதபுரத்திலே, வடக்கே அருவியாறு எனப் பெயர்பெறும் மல்வத்து ஓயாவின் குறுக்கே, இவ்வகைப் பழைய கற்பாலத்தின் எச்சங்கள் காணப்படுகின்றன. அங்கே வளைவு இல்லை. நெருங்கி நாட்டிய கற்றூண்களும் அவற்றின்மேற் பாவிய பாளங்களுமே உள. தூண்கள் மலிந்தால் வெள்ளத்திற்குத் தடை மிகும். வளைவுப் பாலத்திலோ கற்கள் ஒன்றையொன்று அழுத்தித் தாங்குவதால் இடைவெளி பெருகும். பாரம் இரு பக்கத்துத் தூண்களையும் சென்றடையும். ஆகவே வளைவின் வாழ்வு தூணின் அடியிலே உள்ளது. ஆற்றுமணல் அரிக்கப்பட்டு அடி தளர்ந்தால், மேலே எத்துணை அழகிய வளைவும் நிற்கமாட்டாது.

1869ஆம் ஆண்டில் அதுவே நிகழ்ந்தது. அவ்வாண்டின் வெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியை இடித்தது. 1871ஆம் ஆண்டிலே அது திருத்தி அமைக்கப்பட்டது. கதை முடிந்து இருபத்தாறு ஆண்டுகளின் பின் நிகழ்ந்த இச்செய்தியைப் பாலத்தின் புகழ் பாடுவோர் ஒரு வரியிற் கடந்துவிடுவர். உண்மையிற் பாலத்தின் இரண்டாம் பிறப்பு அதுவாகும். இடிந்ததை இடிந்தபடியே விட்டுப் படகுக்கு மீண்டிருப்பின் முதலியாரின் கொடை இருபத்தாறு ஆண்டுக்காலக் கொடையாய் முடிந்திருக்கும். இருபதாம் நூற்றாண்டிலே போக்குவரத்து மிகப் பாலம் அகலமாக்கப்பட்டது. அண்மைக் காலத்தில் அதன் பக்கத்தே புதிய பாலமொன்றும் எழுந்தது. 2023ஆம் ஆண்டு டிசெம்பரில் தாமிரபருணி பெருவெள்ளமாய்ப் பாய்ந்தது. அதன் பின்னரும் பழைய வளைவுகள் நிற்கின்றன. இந்நிகழ்ச்சிகளுள் ஒவ்வொன்றின் பின்னும் கணக்கரும் கொத்தரும் பொறியியலாளரும் கூலியாளரும் உளர். அவர்தம் பெயரைக் கொண்ட கதை ஒன்றேனும் இல்லை.

புகழ் மட்டும் பாலத்தைக் காக்கமாட்டாது என்பதற்கு அப்பாலத்தின் முன்மாதிரியே சான்றாகும். திருநெல்வேலிப் பாலம் இலண்டனிலே தேம்சு ஆற்றின்மேல் நின்ற வாட்டலூப் பாலத்தின் சாயலில், இரட்டைத் தூண்களோடு அமைக்கப்பட்டது என்பர். ஜோன் றெனி வகுத்த அப்பாலம் ஒன்பது கருங்கல் வளைவுகள் உடையது. 1817ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அதனைக் கட்டியது ஒரு கம்பனி. கடப்போரிடம் ஆயம் பெறப்பட்டது. 1878ஆம் ஆண்டிலேயே அவ்வாயம் நீக்கப்பட்டது. பேரரசின் தலைநகரில், பெரும்போரின் வெற்றிப்பெயரைத் தாங்கி, ஓவியராலும் கலைஞராலும் பாராட்டப்பட்ட பாலம் அது. ஆயினும் ஆற்றின் அரிப்பால் அதன் தூண்கள் அமிழத் தொடங்கின. 1924ஆம் ஆண்டிற் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 1930களில் அது இடித்து அகற்றப்பட்டது. இன்று அவ்விடத்தில் உள்ளது வேறொரு பாலம். முன்மாதிரி மறைந்தது, அதன் சாயலில் எழுந்தது நிலைத்தது. இதற்குக் காரணம் கொடையாளரின் பெருமை மட்டும் அன்று. இடிந்த காலத்தில் எடுத்துக் கட்டியவரும், நெருக்கடி வந்த காலத்தில் இடியாது அகலப்படுத்தியவரும் அதற்குக் காரணராவர்.

இவ்வறிவோடு மீண்டும் பருத்தித்துறைக்கு வருமிடத்துத் தெருமூடிமடம் வேறு தோற்றம் பெறுகின்றது. கட்டியவர் எவர் என்று கேட்போர்க்கு அது விடை தருவதில்லை. அதனால் 'வரலாறு தெரியாத பழைய மடம்' என்று அதனைக் கடந்துசெல்வோர் பலர். எவர் காத்தனர் என்று கேட்பின் மடம் வாய்திறக்கும். கற்றூண் நெடுங்காலம் தானே நிற்கலாம். கூரை அவ்வாறு நிற்பதன்று. கடற்காற்றின் உப்பு சுண்ணச் சாந்தைத் தின்னும்; மாரி ஒழுக்கு உண்டாக்கும்; வண்டிச் சில்லு திண்ணை விளிம்பை மோதும். ஒரு தலைமுறை பாராமுகமாய் இருந்தாலும் தெருவை மூடிய கூரை தெருவிலேயே விழுந்துவிடும். ஆகவே மடம் இன்றும் நிற்கின்றது என்னும் ஒரு செய்தியே, தலைமுறைதோறும் அதனைப் பழுதுபார்த்தோர் இருந்தனர் என்பதற்குப் போதிய சான்றாகும். 1964ஆம் ஆண்டு டிசெம்பரில் வடபகுதியைத் தாக்கிய சூறாவளியும், 1987ஆம் ஆண்டு வடமராட்சியில் நிகழ்ந்த படை நடவடிக்கையும், 2009ஆம் ஆண்டுவரை நீடித்த போரும், 2004ஆம் ஆண்டின் கடற்கோளும் பருத்தித்துறை கண்டவை. வீடுகள் பல அழிந்தன. குடிகள் பல பெயர்ந்தன. அவற்றின் பின்னரும் தெரு மடத்தினூடே செல்கின்றது. பெயரறியப்படாத கொடை ஒன்றன்று. பெயரறியப்படாத கொடைகளின் தொடர் இது.

இங்கே ஒரு தடை எழுதல் கூடும். கொடையாளர் பெயரைப் போற்றுவதனாலன்றோ பின்வருவோர்க்கும் கொடைமனம் உண்டாகும்? பெயரைப் பின்னிறுத்தின் அறமே தளராதோ? இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயின் இதற்கு விடையைத் தமிழ்க் கல்வெட்டுக்களே முன்னர்க் கூறிவைத்தன. கோயிலுக்கும் குளத்திற்கும் மடத்திற்கும் நிவந்தம் அளித்தோர் கல்வெட்டின் இறுதியில் ஒரு வேண்டுகோளைப் பொறிப்பித்தனர். அதன் கருத்து, இவ்வறத்தைப் பிற்காலத்திற் காப்பவருடைய பாதங்கள் தம் தலைமேலன என்பதாகும். பொருள் ஈந்த மன்னனும் செல்வனும், பின்னாளிற் பிறக்கவிருக்கும் முகமறியாக் காவலன் ஒருவனுக்குத் தலைவணங்கினர். கொடுப்பதினும் காப்பது பெரிது என்னும் கொள்கை இதனால் தெளிவாகின்றது. கொடையாளரை வாழ்த்தி அமையும் இக்கால வரலாற்றுரைகள், அக்கொடையாளர்தாமே வகுத்த முறையினின்றும் வழுவியவை ஆகின்றன. சுலோசன முதலியாரின் பெயரைப் போற்றற்க என்பது இதன் கருத்தன்று. 1843ஆம் ஆண்டோடு வரலாற்றை முடித்தற்க என்பதே கருத்து.

இவ்வாராய்ச்சி வெறும் எழுத்தளவில் நிற்பதன்று. பருத்தித்துறை மடம் தொல்பொருட் சின்னமாகப் பாதுகாக்கப்படுவது மகிழ்ச்சிக்குரியது. எனினும் சட்டம் இடிப்பவன் கையைத் தடுக்குமேயன்றி ஒழுகும் கூரையை ஓடிவந்து மூடாது. தெருவின் குறுக்கே நிற்பதாலேயே அம்மடம் சிறப்புற்றது. தெருவின் குறுக்கே நிற்பதாலேயே அதற்கு இடரும் உண்டு. வீதிகள் அகல வேண்டும், ஊர்திகள் உயர வேண்டும் என்னும் காலம் இது. தூண்களைச் சிறிது நகர்த்தலாம், ஒரு பக்கத் திண்ணையைக் குறைக்கலாம் என்பன போன்ற யோசனைகள் இத்தகைய இடங்களில் எளிதில் எழுவன. ஒரு பக்கத் திண்ணை போயின் அது தெருமூடிமடம் ஆகாது; தெருவோரத்து மண்டபமே ஆகும். திருநெல்வேலியார் நெருக்கடியைத் தீர்க்கப் பழைய பாலத்தை இடித்திலர். பக்கத்தே மற்றொன்றை அமைத்தனர். பெரும் ஊர்திகளுக்கு வேறு வழி வகுத்து, பழைய வழியைப் பழைய அளவிலேயே விடுவது பருத்தித்துறைக்கும் பொருந்தும்.

அதனினும் எளியதும் உடனே செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. பாலத்தின் அளவுகள் எழுதப்பட்டிருந்தமையாலேயே, கதை மறைத்ததை அவற்றிலிருந்து அறிதல் இயன்றது. மடத்திற்கும் அத்தகைய பதிவு வேண்டும். தூண்கள் எத்தனை, திண்ணையின் உயரமும் நீளமும் யாவை, எக்கல் பழையது, எச்சாந்து புதியது, எம்மூலை தேய்ந்தது என்பவற்றை அளந்து வரைதல் மாணவராலும் இயலும். கணிதமும் ஓவியமும் புவியியலும் கற்பார்க்கு அதனினும் நல்ல பயிற்சி வேறில்லை. முன்னர்ப் பழுதுபார்த்தோர் பற்றியும், திண்ணையிலே தங்கிச் சென்றோர் பற்றியும் முதியோர் நினைவில் எஞ்சியிருப்பனவற்றை அவர் வாய்மொழியாகவே எழுதிக்கொள்ளுதல் அதற்கு அடுத்த பணி. முதியோரின் நினைவுக்குக் கற்றூணின் ஆயுள் இல்லை.

கட்டியவர் பெயரை அவ்வேட்டின் முதற்பக்கத்தில் எழுத இயலாமற் போகலாம். அதனாற் குறையில்லை. காத்தவர் பெயர்களை எழுதுவதற்கு அடுத்த பக்கங்கள் யாவும் உள.